ப்ராக்ரஸிவ் ஃபோக் ராக் என்றால் என்ன? ஆர்மோனியம் குழுவின் முதல் இசைத்தட்டை வைத்து ஓர் எளிய விளக்கம்

ப்ராக்ரஸிவ் ஃபோக் ராக் என்ற பெயரை ஆளுக்கொரு பொருளில் சொல்கிறார்கள். பாட்டு நீளமாக இருந்தால் ப்ராக்ரஸிவ் என்பார் ஒருவர். சிந்தஸைஸரும் சிக்கலான தாளமும் இல்லாமல் ப்ராக்ரஸிவா என்று கேட்பார் இன்னொருவர். அகூஸ்டிக் கிட்டார் ஒலித்தாலே ஃபோக் என்பது மூன்றாமவர் கணக்கு. மூன்றும் ஓரளவு உண்மைதான், ஆனால் மூன்றுமே விஷயத்தின் ஓரத்தைத்தான் தொடுகின்றன.

இந்தக் குழப்பத்தைத் தெளிவாக்க ஒரே ஓர் இசைத்தட்டு போதும். கனடாவின் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த ஆர்மோனியம் என்ற குழு 1974இல் தன் பெயரிலேயே வெளியிட்ட முதல் இசைத்தட்டு அது. பாடல்கள் எல்லாம் பிரெஞ்சு மொழியில். பெரிய கருவிப் பட்டாளம் கிடையாது, டிரம்ஸ் மிகக் குறைவு. அப்படியிருந்தும் அது ப்ராக்ரஸிவ்தான். எப்படி என்று புரிந்துகொண்டால் இந்த இசை வகையின் உள்ளியக்கம் முழுவதும் பிடிபட்டுவிடும்.

## யார், எது

குழுவில் மூன்று பேர். செர்ஜ் ஃபியோரி பாடினார், பெரும்பாலும் பன்னிரண்டு கம்பி கிட்டார் வாசித்தார். மிஷேல் நோர்மான்தோ இன்னொரு கிட்டாரும் துணைக்குரலும். லூயி வால்வா பேஸ் கிட்டார். ஒலிப்பதிவில் விருந்தினராக வந்தவர்கள் அங்கங்கே டிரம்ஸும் ஊதுகருவியும் சேர்த்தார்கள், ஆனால் தட்டின் உயிர் இந்த மூவரிடமே இருக்கிறது. குழுவின் பெயரைப் பார்த்து நம் ஊர்க் கச்சேரி ஆர்மோனியப் பெட்டியை எதிர்பார்க்க வேண்டாம். இங்கே எல்லாம் கம்பிதான்.

தட்டில் எட்டுப் பாடல்கள், பக்கத்துக்கு நான்கு. குழுவின் பெயரையே தாங்கிய முதல் பாட்டு ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். கடைசிப் பாட்டான 'ஆன் முசிசியான் பார்மி தான் தோத்ர்' (எத்தனையோ பேரில் ஓர் இசைக்கலைஞன்) ஏறத்தாழ ஏழு நிமிடம். நடுவே இரண்டாம் பக்கத்தில் 'பூர் அன் ஆன்ஸ்தான்' (ஒரு கணத்துக்கு) மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும். வானொலியில் பெரிய வெற்றி பெற்றது அந்தச் சின்னப் பாட்டுத்தான். கியூபெக்கில் கிட்டார் பிடிக்கத் தெரிந்த பலருக்கும் அது மனப்பாடம்.

## 'ஃபோக்' என்று எதைச் சொல்கிறோம்

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. ஃபோக் என்றதும் வழிவழியாக வந்த நாட்டுப்புறப் பாட்டு என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படிப்பட்ட ஃபோக் ராக்கும் உண்டு. அதே 1974இல் பிரான்ஸில் மாலிகோர்ன் என்ற குழு தன் முதல் தட்டை வெளியிட்டது. கப்ரியேல் யாகூப் முன்னின்று நடத்திய அந்தக் குழு பழைய மரபுப் பாடல்களை எடுத்து, பழங்கருவிகளையும் புதிய ஒலியையும் சேர்த்து மறுபடி கட்டியது. அங்கே பாட்டின் மூலம் பெயர் தெரியாத மக்களுடையது.

ஆர்மோனியம் அந்த வேலையைச் செய்யவில்லை. பாடல்கள் அவர்களே எழுதியவை. இங்கே ஃபோக் என்பது பாட்டு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவில்லை, எப்படி ஒலிக்கிறது, யாரை நோக்கிப் பேசுகிறது என்பதைச் சொல்கிறது. மின்பெருக்கி இல்லாத கிட்டார், பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் குரல், எழுதியவரே பாடுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் இந்தப் பொருளில் ஃபோக்.

கியூபெக்கில் இதற்குத் தனி வேர் உண்டு. 1950களின் இறுதியிலும் 1960களிலும் 'புவாத் அ ஷான்சோன்' எனப்படும் சிறு பாட்டு அரங்குகள் மாநிலமெங்கும் முளைத்தன. ஒரு கிட்டாரோடு ஒருவர் வந்து தன் பாட்டைத் தானே பாடுவார். அப்படிப் பாடுபவருக்கு 'ஷான்சோனியே' என்று பெயர். ஃபெலிக்ஸ் லெக்லெர், ஜில் விஞோ ஆகியோர் அந்த மரபின் பெரிய பெயர்கள். 1968இல் ரோபேர் ஷார்ல்புவா, லூயிஸ் ஃபோரெஸ்தியே முதலானோர் நடத்திய 'லோஸ்தித்ஷோ' மேடை நிகழ்ச்சி அந்த மரபை ராக்கோடு மோதவிட்டது. தெருவில் பேசும் பிரெஞ்சு மின்கிட்டாரோடு மேடை ஏறியது அங்கேதான். ஆறு வருடம் கழித்து வந்த ஆர்மோனியம் இந்த இரண்டு வழிகளுக்கும் வாரிசு.

சுருக்கமாக: இந்தத் தட்டில் ஃபோக் என்றால் மரபுப் பாட்டு அல்ல, எழுதியவரே அகூஸ்டிக் கிட்டாரோடு, அருகில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பாடும் முறை.

## 'ப்ராக்ரஸிவ்' எங்கே இருக்கிறது

வழக்கமான பாட்டை நகரத்துக்குள் சுற்றும் டவுன் பஸ்ஸோடு ஒப்பிடலாம். பல்லவி என்ற நிறுத்தத்தில் கிளம்பும், சரணம் என்ற தெருவைச் சுற்றும், மறுபடி அதே பல்லவிக்கு வந்து நிற்கும். மூன்று சுற்று முடிந்தால் பாட்டு முடிந்தது. ப்ராக்ரஸிவ் பாட்டு மலையேறும் பஸ். கிளம்பிய இடத்துக்குத் திரும்பும் கட்டாயம் அதற்கு இல்லை. ஒவ்வொரு வளைவிலும் காற்று மாறும், மரம் மாறும். ஏறி முடிக்கும்போது கீழே விட்டு வந்த ஊர் வேறு உயரத்திலிருந்து தெரியும்.

இசையின் மொழியில் சொன்னால், ஒரே மெட்டில் சரணங்கள் அடுத்தடுத்து வருவது ஒருவகை அமைப்பு. பல்லவியும் சரணமும் மாறி மாறி வருவது இரண்டாவது வகை. மூன்றாவது வகையில் பாட்டு பல பகுதிகளாகக் கட்டப்படும், ஒவ்வொரு பகுதிக்கும் தனி மெட்டு, தனி அடர்த்தி, சில நேரம் தனி வேகம். பழைய பகுதி திரும்பினாலும் மாறித்தான் திரும்பும். இந்த மூன்றாவது வகையைப் பல பகுதி அமைப்பு என்று சொல்லிக்கொள்வோம். ப்ராக்ரஸிவ் என்ற சொல்லின் சாரம் இதுதான். சிந்தஸைஸர், மெல்லோட்ரான் (டேப்பில் பதிந்த ஒலிகளைக் கட்டைகளை அழுத்தி ஒலிக்கவைக்கும் கருவி), 7 எண்ணிக்கைத் தாளம் எல்லாம் அந்தப் பயணத்துக்கு உதவும் சாமான்கள். சாமான் இல்லாமலும் பயணம் போகலாம்.

இந்தத் தட்டின் கடைசிப் பாட்டு அதற்கு நேரடிச் சான்று. கூட்டத்தின் முன் வாசித்துவிட்டுத் தனித்து நிற்கும் ஒரு கலைஞனைப் பற்றியது அது. தொடக்கத்தில் அடக்கமான கிட்டாரும் ஒற்றைக் குரலும். போகப் போகக் குரல் தழைத்து, இறுதிப் பகுதியில் ஒரே ஒரு வரி பல குரல்களில் திரும்பத் திரும்ப வருகிறது: ஒருவனை உலகுக்குக் கொண்டுவந்துவிட்டோம், அவன் சொல்வதைக் கேட்க வேண்டாமா என்று கேட்கும் வரி. இது பல்லவி அல்ல. பாட்டின் முதல் பாதியில் இது பல்லவியாக வந்து நம்மைப் பழக்கப்படுத்தவில்லை. ஏறி முடித்த இடத்தில்தான் கிடைக்கிறது. ஒருவன் கேட்பாரற்றுப் பாடியது ஒரு கூட்டமே பாடும் பாட்டாக மாறுகிறது, அதாவது சொல்லின் பொருளை அமைப்பே நடத்திக் காட்டுகிறது. ஏழு நிமிட நீளத்துக்கு நியாயம் அந்த ஏற்றத்தில் இருக்கிறது. நீளமாக இருப்பதால் ஒரு பாட்டு ப்ராக்ரஸிவ் ஆகிவிடாது. போக வேண்டிய தூரம் அதிகம் என்பதால் நீளுகிறது.

புதிதாக இப்படிப் பாட்டு கட்ட முயல்பவர்கள் வழுக்கும் இடமும் இதுவே. மூன்று நல்ல துண்டுகளை எழுதி ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிவிடுவார்கள். ஒட்டுத் தெரியும். ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஏதோ ஒன்றாவது தொடர வேண்டும்: அதே பேஸ் நடை, அதே சுருதி, அதே கிட்டார் மீட்டல். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் கேட்பவர் வேறு பாட்டு தொடங்கிவிட்டது என்று நினைப்பார். ஆர்மோனியத்தில் பெரும்பாலும் தொடர்வது கிட்டார் மீட்டல். அதன் மேல் மற்றவை மாறிக்கொண்டே இருக்கும்.

சுருக்கமாக: ப்ராக்ரஸிவ் என்பது பாட்டின் அமைப்பு. பகுதிகள் வளர்ந்து வேறிடம் போய்ச் சேர வேண்டும். கருவிகளின் எண்ணிக்கையும் வேகமான விரலோட்டமும் அதற்கு நிபந்தனை அல்ல.

## பன்னிரண்டு கம்பியின் இயக்கம்

மூன்றே பேர் வாசித்தும் தட்டு ஏன் இவ்வளவு நிறைவாக ஒலிக்கிறது? பாதிக் காரணம் பன்னிரண்டு கம்பி கிட்டார். இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலரும் இதை 'எக்கோ போட்டிருக்கிறார்கள்' என்று தவறாகச் சொல்கிறார்கள்.

சாதாரண கிட்டாரில் ஆறு கம்பி. தடித்த கம்பியிலிருந்து மெல்லியது வரை இ, ஏ, டி, ஜி, பி, இ என்று சுருதி. பன்னிரண்டு கம்பி கிட்டாரில் இதே ஆறு இடங்களிலும் இரண்டிரண்டு கம்பிகள் ஒட்டி ஓடும். ஒரு ஜோடியை ஒரே விரலால் அழுத்தி, ஒரே வீச்சில் மீட்டுவார்கள். தடித்த பக்கத்து நான்கு ஜோடிகளில் (இ, ஏ, டி, ஜி) ஒரு கம்பி வழக்கமான சுருதியிலும், அதன் துணை ஒரு ஸ்தாயி மேலேயும் இருக்கும். மெல்லிய இரண்டு ஜோடிகளில் (பி, இ) இரண்டு கம்பிக்கும் ஒரே சுருதி.

எண்ணில் பார்த்தால் எளிது. தடித்த இ கம்பி வினாடிக்கு 82.4 முறை அதிரும், துணைக்கம்பி அதன் இரு மடங்காக 164.8 முறை. ஜி ஜோடியில் ஒன்று 196, மற்றொன்று 392. மெல்லிய இ ஜோடியில் இரண்டுமே 329.6. அந்தத் துணை ஜி கம்பிதான் கிட்டாரிலேயே மிக உயர்ந்த வெற்றுச்சுருதி, தடிமன் 0.008 அல்லது 0.009 அங்குலம்தான். பன்னிரண்டில் முதலில் அறுந்து போவது பெரும்பாலும் அதுவே.

மினுமினுப்பு எங்கிருந்து வருகிறது? ஒரே சுருதியில் இருக்க வேண்டிய இரண்டு கம்பிகள் ஒருபோதும் முற்றிலும் ஒத்துப்போவதில்லை. ஒன்று 329.6, மற்றொன்று 330.6 என்றால் வினாடிக்கு ஒரு முறை ஒலி உயர்ந்து தாழும். இந்த ஏற்றத்தாழ்வுக்கு விம்மல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அதிர்வெண் வித்தியாசமே விம்மலின் எண்ணிக்கை. வினாடிக்கு ஒன்று அல்லது இரண்டு விம்மல் இருந்தால் காதுக்கு இனிமை, ஒரு சிறு கூட்டம் சேர்ந்து வாசிப்பது போன்ற பிரமை. ஐந்தைத் தாண்டினால் சுருதி பிசகியது என்று யாருக்கும் தெரிந்துவிடும்.

இன்னொரு நுட்பம் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. பெரும்பாலான பன்னிரண்டு கம்பி கிட்டார்களில் மேல் ஸ்தாயித் துணைக்கம்பி, வாசிப்பவரின் முகத்துக்கு அருகில் இருக்கும்படி கோக்கப்பட்டிருக்கும். கீழ்நோக்கி வீசும்போது பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) முதலில் மெல்லிய கம்பியைத் தொடும், மேல்நோக்கி வீசும்போது தடித்ததை. ஆகவே ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டை) வாசித்தாலும் கீழ்வீச்சு பளிச்சென்றும் மேல்வீச்சு கனமாகவும் கேட்கும். டிரம்ஸ் இல்லாத பாட்டிலும் உள்ளுக்குள் ஒரு தட்டல் இருப்பதாகத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

இதை வீட்டில் வாசித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில நடைமுறை விவரங்கள். பன்னிரண்டு கம்பிகளின் மொத்த இழுவிசை கிட்டாரின் கழுத்தை வளைக்கும். பழைய கிட்டாரிலும் விலை குறைந்த கிட்டாரிலும் பாலம் (உடலில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை) பெயர்ந்து வருவது இதனால்தான். எல்லாக் கம்பிகளையும் இரண்டு அரைஸ்வரம் இறக்கிச் சுருதி சேர்த்து, கழுத்தின் இரண்டாவது ஃப்ரெட்டில் (குறுக்குக் கம்பியில்) கேப்போ என்ற கவ்வியைப் போட்டுக்கொண்டால் ஒலி வழக்கமான சுருதியிலேயே கிடைக்கும், இழுவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். சுருதி சேர்க்கும்போது முதலில் முக்கியக் கம்பிகள் ஆறையும் முடித்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு ஜோடியிலும் முக்கியக் கம்பியை விரலால் அடக்கி, துணைக்கம்பியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அடக்காமல் இரண்டையும் சேர்த்து மீட்டினால் சுருதிமானி எதைக் காட்டுகிறது என்றே தெரியாது. முடித்ததும் முதல் கம்பி இறங்கியிருக்கும், ஏனென்றால் மற்றவை ஏற ஏறக் கழுத்து சற்று வளைந்துவிட்டது. எனவே இன்னொரு சுற்று கட்டாயம் வேண்டும்.

பன்னிரண்டு கம்பி கிட்டார் இல்லையா? இரண்டு சாதாரண கிட்டார்களை வைத்து அதே ஒலிக்குப் பக்கத்தில் போகலாம். ஒன்றை வழக்கம்போல விட்டுவிட்டு, மற்றொன்றில் இ, ஏ, டி, ஜி இடங்களில் பன்னிரண்டு கம்பிச் செட்டிலிருந்து எடுத்த மெல்லிய துணைக்கம்பிகளைப் போட வேண்டும். இருவரும் ஒரே மீட்டலை வாசித்தால் ஒலி விரியும். தாளம் இம்மியும் பிசகக் கூடாது, அதுதான் இதில் கடினம்.

சுருக்கமாக: அந்த விரிவும் மினுமினுப்பும் மின்கருவி விளைவு அல்ல. ஜோடிக் கம்பிகளின் ஸ்தாயி வித்தியாசமும், மிகச் சிறிய சுருதி வித்தியாசமும் சேர்ந்து செய்யும் வேலை.

## டிரம்ஸின் வேலையை யார் செய்கிறார்கள்

ராக் என்று பெயர் வைத்துவிட்டு டிரம்ஸை ஓரத்தில் வைத்தால் பாட்டு தளர்ந்துவிடாதா? தளராமல் பார்த்துக்கொள்வது பேஸ் கிட்டார். நான்கு கம்பி பேஸின் மிகத் தாழ்ந்த சுரம் வினாடிக்கு 41.2 அதிர்வு, கிட்டாரின் தடித்த கம்பிக்கும் ஒரு ஸ்தாயி கீழே. வழக்கமான ராக் குழுவில் பேஸ், டிரம்ஸின் கால் அடியோடு ஒட்டிக்கொண்டு ஓடும். இங்கே ஒட்டிக்கொள்ள டிரம்ஸ் பெரும்பாலும் இல்லை. அதனால் வால்வாவுக்குச் சுதந்திரமும் பொறுப்பும் ஒன்றாகக் கிடைக்கின்றன. அடியை நிறுத்திப் பிடிக்கவும் வேண்டும், பாடகர் மூச்சு விடும் இடைவெளியில் ஒரு சிறு மெட்டைச் சொல்லவும் வேண்டும். இப்படி முதல் மெட்டுக்குப் பதில் சொல்லும் இரண்டாவது மெட்டை எதிர்மெட்டு என்று சொல்லலாம்.

இன்னொரு விளைவும் உண்டு. டிரம்ஸ் தொடர்ந்து வாசித்தால் ஒலி அளவு ஓரிடத்தில் நின்றுவிடும். அதன் சத்தத்துக்கு மற்றவர்கள் எழ வேண்டியிருக்கும். டிரம்ஸ் விலகியிருக்கும்போது கிசுகிசுப்பிலிருந்து முழுக்குரல் வரை போக இடம் கிடைக்கிறது. மலையேற்றத்துக்கு வேண்டிய உயரமே இந்த இடைவெளிதான். குழு இதை எவ்வளவு நம்பியது என்றால், அடுத்த ஆண்டு வந்த இரண்டாவது தட்டில் டிரம்ஸையே முழுக்க விட்டுவிட்டார்கள்.

## குரல்மேல் குரல்

ஃபியோரியின் குரல் மெல்லியது, உயரத்துக்கு எளிதாகப் போகும். அதன்மேல் குரல்களை அடுக்குகிறார்கள். அடுக்குவதில் இரண்டு முறை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது இரட்டைப் பதிவு. ஒரே மெட்டை ஒரே பாடகர் இரண்டு முறை பாடி, இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிடுவது. சுருதியிலும் நேரத்திலும் வரும் மிகச் சிறிய வேறுபாடுகளால் குரல் தடிக்கும். தத்துவம் பன்னிரண்டு கம்பியுடையதேதான். இரண்டாவது ஹார்மனி. ஒருவர் 'ச' பாடும்போது இன்னொருவர் 'க' அல்லது 'ப' பாடுவது. இங்கே மெட்டே வேறு. இரட்டைப் பதிவு குரலுக்குக் கனம் தரும், ஹார்மனி அகலம் தரும். பல தடங்களில் தனித்தனியாகப் பதியும் டேப் இயந்திரங்கள் 1970களின் தொடக்கத்தில் ஸ்டுடியோக்களில் பரவியதால் மூன்று பேர் ஒரு பாடகர் குழுவாக ஒலிப்பது சாத்தியமானது.

இதில் வழக்கமாக நடக்கும் பிழை: சொல்லின் முடிவு ஒத்துப்போகாமல் 'ஸ்' 'த்' ஒலிகள் இரண்டு முறை வெடிப்பது. அனுபவமுள்ளவர்கள் இரண்டாவது பதிவில் அந்த மெய்யொலிகளை விழுங்கிவிட்டு உயிரொலியை மட்டும் நீட்டுவார்கள்.

## பிரெஞ்சு மொழி என்ன செய்கிறது

ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்துக்குள் சில அசைகள் பலமாகவும் சில மங்கலாகவும் ஒலிக்கும். ராக்கின் இரண்டாம் நான்காம் அடிகளில் விழும் அழுத்தம் அந்த மொழிக்குக் கச்சிதம். பிரெஞ்சில் அசைகள் ஏறக்குறைய ஒரே கனத்தில் நடக்கும், அழுத்தம் தொடரின் கடைசி அசையில்தான் இறங்கும். 'ஒரு கணத்துக்கு' பாட்டின் முதல் வரியை எண்ணிப் பார்க்கலாம். ஒரு கணம் என் பெயரை மறந்தேன் என்று சொல்லும் அந்த வரி பூர்-அன்-ஆன்-ஸ்தான் என நான்கு அசை, பிறகு ஷே-ஊ-ப்லி-யே-மோன்-நோன் என ஆறு அசை. நான்கின் முடிவிலும் ஆறின் முடிவிலும் அழுத்தம். நடுவில் எல்லாம் சமநடை. தொடர்ந்து ஓடும் கிட்டார் மீட்டலின்மேல் இப்படிப்பட்ட வரி முட்டாமல் ஓடும். ஆங்கில ராக்கின் அடியைக் கடன் வாங்கி அதில் பிரெஞ்சைத் திணித்தால் சொல் நொண்டும். இந்தக் குழு தாளத்தையே மொழிக்கு ஏற்ப அமைத்துக்கொண்டது. இந்தத் தட்டு ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் வாடாமல் இருப்பதற்கு இது பெரிய காரணம் என்று உறுதியாகச் சொல்லலாம்.

பிரெஞ்சு என்றதும் பிரான்ஸ் என்று எழுதிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. இவர்கள் மாண்ட்ரியல்காரர்கள். ஆங்கிலம் பேசும் கண்டத்தின் நடுவே தங்கள் மொழியைக் காத்துக்கொண்டிருந்த சமூகத்தின் குரல் இது. 'ஒரு கணத்துக்கு' பாட்டில், அந்நியர்கள் என் வீட்டில் ராஜாவாக வாழ்கிறார்கள், நான் அவர்கள் சட்டத்தை ஒப்புக்கொண்டேன் என்ற பொருளில் வரும் இடத்தைப் பலர் கியூபெக்கின் நிலையாகவே வாசித்தார்கள். தன்னைத் தொலைத்த ஒருவனின் மனக்குரலாகவும் அதை வாசிக்கலாம். இரண்டு வாசிப்பும் ஒன்றையொன்று விலக்கவில்லை.

## ஏன் அப்போது, ஏன் அங்கே

1960களின் 'அமைதிப் புரட்சி' கியூபெக்கின் பள்ளி, மருத்துவமனை, நிர்வாகம் எல்லாவற்றையும் தேவாலயத்தின் பிடியிலிருந்து வெளியே கொண்டுவந்தது. அந்தச் சூழலில் வளர்ந்த தலைமுறை தன் மொழியில் தன் இசையைத் தேடியது. பிரிட்டிஷ் ப்ராக்ரஸிவ் குழுக்களுக்கு மாண்ட்ரியல் ஏற்கெனவே நல்ல ரசிகர்களைத் தந்த ஊர். மூன்று நிமிடச் சட்டத்துக்குள் அடங்காத பாட்டுகளை ஒலிபரப்ப எஃப்.எம். வானொலி தயாராக இருந்தது. மாண்ட்ரியலின் சோம் நிலையம் ஆங்கில நிலையமாக இருந்தும் இந்தக் குழுவின் பாடல்களுக்கு இடம் கொடுத்தது. அதே 1974இல் போ தொமாஷ் குழுவின் முதல் தட்டும் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு தெளியும். போ தொமாஷ் மாண்ட்ரியல் தெருக்களின் கதைகளைப் பாட்டாகச் சொன்னது, அமைப்பு பெரும்பாலும் பாட்டு வடிவத்துக்குள் நின்றது. ஆர்மோனியம் உள்முகமாகப் போனது, வடிவத்தை நீட்டியது.

## எப்படிக் கேட்பது

கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில் இந்தத் தட்டைக் கேட்டுவிட்டு 'மெலிந்த இசை' என்று முடிவு கட்டுவது மிகப் பொதுவான தவறு. அந்தச் சின்ன ஒலிபெருக்கிகளில் 200 அதிர்வுக்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் தேய்ந்துவிடும். பேஸ் சொல்லும் எதிர்மெட்டின் அடிக்கனம் முழுக்க அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஹெட்ஃபோன் அவசியம். தரம் குறைந்த சுருக்கக் கோப்பும் வேண்டாம். பன்னிரண்டு கம்பியின் மேல்ஒலிகள்தான் முதலில் கலங்கிச் சலசலக்கும்.

முதல் முறை 'ஒரு கணத்துக்கு' பாட்டை மட்டும் கேளுங்கள், மெட்டு மனதில் நிற்கட்டும். அடுத்து அதே பாட்டில் குரலை விட்டுவிட்டுக் கிட்டாரை மட்டும் தொடருங்கள். மூன்றாவது முறை பேஸ். இந்த மூன்று கேட்டலுக்கு மொத்தம் பத்து நிமிடம் ஆகும். அதன்பிறகு தலைப்புப் பாட்டுக்குப் போய், எந்தெந்த இடத்தில் பகுதி மாறுகிறது என்று தாளில் நிமிடம் வினாடி குறித்துக்கொள்ளுங்கள். மாற்றத்தில் எது தொடர்ந்தது, எது புதிதாக வந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். பிரெஞ்சு தெரியாவிட்டால் பாதகமில்லை, வரிகளின் பொருளை முன்கூட்டியே ஒருமுறை படித்துவிட்டால் போதும்.

பாடல்களை வரிசை மாற்றி ஒலிக்கவிடும் வசதியை அணைத்துவிடுங்கள். வினைல் தட்டுக்கு ஒரு பக்கத்தில் இருபது நிமிடச் சொச்சம்தான் நன்றாக அடங்கும், பள்ளங்களை நெருக்கினால் ஒலி அளவு குறைந்துவிடும். ஆகவே தட்டு இரண்டு பயணங்களாகவே அமையும். முதல் பக்கத்தின் நான்கும் ஒரு தொடர். அதன் கடைசிப் பாட்டு 'வியேய் கூருவா' (பழைய வார்கள்) முடிந்ததும் இரண்டு நிமிடம் நிறுத்திவிட்டு, 'அத்தான் முவா' (எனக்காகக் காத்திரு) பாட்டிலிருந்து அடுத்த பக்கத்தைத் தொடங்கலாம்.

## அடுத்து எங்கே போவது

முதல் தட்டை 'எளிய ஃபோக்', பின்வந்தவைதான் 'உண்மையான ப்ராக்' என்று பிரிப்பவர்கள் உண்டு. அந்தப் பிரிவு பொருந்தாது. 1975இல் வந்த இரண்டாவது தட்டில், ஐந்தாவது பருவம் ஒன்று வேண்டியிருந்தால் என்ற பொருள் தரும் பெயரோடு, பியேர் தெய்ஞோவின் புல்லாங்குழலும் கிளாரினெட்டும், செர்ஜ் லோகாவின் கீபோர்டும் மெல்லோட்ரானும் சேர்ந்தன. அதன் கடைசிப் படைப்பு பதினேழு நிமிடம், சொற்கள் இல்லாதது. 1976இல் வந்த 'லெப்தாத்' இரட்டைத் தட்டு; நீல் ஷோதெம் எழுதிய ஆர்கெஸ்ட்ரா இடையிசைகள் அதன் பாடல்களைக் கோக்கின்றன. கருவிகள் பெருகின, நீளம் பெருகியது. ஆனால் மெதுவாகத் தொடங்கிப் பகுதி பகுதியாக ஏறி வேறிடத்தில் முடிக்கும் முறை முதல் தட்டிலேயே முழுமையாக இருக்கிறது.

செர்ஜ் ஃபியோரி 2025 ஜூன் 24 அன்று, கியூபெக்கின் தேசிய விழா நாளில், தமது 73ஆம் வயதில் காலமானார். 1978இல் அவர் ரிஷார் செகானோடு சேர்ந்து வெளியிட்ட 'தோ சான் நுவி அ லேர்' தட்டையும் வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் தட்டின் கிட்டார் மீட்டலும் குரல் அடுக்கும் காதில் பதிந்த பிறகு அதைக் கேட்டால், அதே இரண்டும் முழு டிரம்ஸோடு சேரும்போது எப்படி நடந்துகொள்கின்றன என்று ஒப்பிட முடியும்.